இரண்டும் ஒன்றுதான்

ஜனவரி 11

அண்ணா,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய், சரி. கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் நீ தபால் ஆபீஸ் வரை நடக்க வேண்டும். அந்த அளவுக்கு உனக்குச் சுறுசுறுப்பு கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கையால் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. ‘ழ’ போடும்போது பேனா வழி தெரியாமல் நின்றுவிடுகிறது.

ஐந்து மாசம் ஆகிறது. அண்ணி போன மூன்றாம் நாள் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. “கடைசி எட்டு மாசமும் அண்ணி உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தாங்க” என்று சொன்னேன். நீ என் பையை எடுத்து வாசலில் வைத்தாய். சொன்ன நேரம் தப்பு. சொன்ன விதம் தப்பு. சொன்னதே தப்பு என்று எழுத மட்டும் கை வரவில்லை, அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

இப்போது ஒரு செய்தி. எங்கள் கம்பெனியில் கடைசியில் முடிவு எடுத்துவிட்டார்கள். டேப்லெட்டுக்கு ஒரு சிஸ்டம், மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சிஸ்டம் என்று இத்தனை நாள் இருந்ததே, ஏப்ரலிலிருந்து இரண்டுக்கும் ஒன்றே. அடுத்த வருஷம் கருவியும் ஒன்றாகிவிடும். மேஜையில் நிறுத்தினால் கம்ப்யூட்டர், திரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் டேப்லெட். “என் தங்கச்சி பட்டனுக்கெல்லாம் தமிழ்ல பேர் வைக்கிறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் கேலி செய்வாயே, அந்தப் பெயர் வைக்கிற வேலை இப்போது மலைபோல் கிடக்கிறது. இரண்டு சொற்பட்டியலையும் ஒரே பட்டியலாக்க வேண்டும்.

மீட்டிங்கில் இதற்காக அதிகம் வாதாடியது நான்தான். என் வேலை இல்லைதான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. தொண்டை ஆபரேஷனில் குரல் போனபிறகு அண்ணி எழுதி எழுதியே உங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாரே, டேப்லெட்டுக்கு ‘சிலேட்டு’, உன் கம்ப்யூட்டருக்குப் ‘பெரியவர்’. சிலேட்டு கட்டிலில், பெரியவர் சுவரோரம், நடுவில் நீ. ஒரே கருவியாக இருந்திருந்தால் நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே உன் வேலையைச் செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் வாலு


ஜனவரி 24

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. தபால் ஆபீஸ் மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பியிருப்பேன், மழை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். என் மேஜை சுவரைப் பார்த்து இருப்பது என் இஷ்டத்துக்கு அல்ல. பிளக் பாயின்ட் அந்தச் சுவரில் இருக்கிறது, இந்தப் பக்கம் திருப்பினால் வயர் எட்டாது. கட்டில் ஜன்னலோரம் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஒன்பது அடி. வீட்டுக்குப் பிளான் வரைந்து பிழைக்கிறவன் நான், அளந்துதான் சொல்கிறேன். அவள் பேனாவால் சிலேட்டு ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் நான் திரும்புவேன். அதுதான் எங்கள் ஏற்பாடு. எட்டு மாசத்தில் அவள் தட்டி நான் திரும்பாத நேரம் ஒன்றுகூடக் கிடையாது. நீ மூன்று நாள் வந்து இருந்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனாய்.

இனி உன் ஒரே கருவி. நம் வீட்டில் ஒரு சோபா கம் பெட் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படுத்தால் நடுவில் இருக்கிற கம்பி முதுகில் குத்தும். அப்பா மட்டும் அதை ‘டூ இன் ஒன்’ என்று கடைசிவரை மெச்சிக்கொண்டிருந்தார். அவர் அதில் உட்கார்ந்ததும் இல்லை, படுத்ததும் இல்லை.

விரல் எதைத் தொடுகிறதோ அதையே மறைக்கிறது. மவுஸின் அம்பு மறைக்காது. நான் வரைகிற கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் உன் விரல் நுனி கொள்ளாது. விரலுக்காகப் பொத்தானைப் பெரிதாக்குவீர்கள், பொத்தானுக்காக என் வரைபடத்தைச் சின்னதாக்குவீர்கள். மடியில் வைப்பது ஒன்று, மேஜையில் வைப்பது வேறு. மேஜையை விட்டு எழுந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வேலையே மடியில் ஏறிக்கொண்டால் எதை விட்டு எழுந்திருப்பது?

இன்னொன்று. சிலேட்டு அவளுடையது. அதில் என் வேலை ஒரு கோடு கூடக் கிடையாது. அது அப்படியே இருக்கட்டும்.

அண்ணன்


பிப்ரவரி 6

அண்ணா,

‘தங்கைக்கு’ என்று ஆரம்பித்திருக்கிறாய், தண்ணீர் வரவில்லை என்று வார்டு ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி. வாலு என்று கூப்பிட வாய் வரவில்லையா, பேனா வரவில்லையா?

சோபா கம் பெட்டைப் படித்துவிட்டு ஆபீசிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. நீ நன்றாக வேலை செய்கிற ஒரு நாற்காலியையும் நன்றாக வேலை செய்கிற ஒரு கட்டிலையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறாய். எல்லாருக்கும் இரண்டும் வைக்க இடம் இருக்கிறதா? எனக்குக் கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார். கைக்குழந்தை. ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டேப்லெட்டில் டியூட்டி ரிப்போர்ட் எழுதுகிறார். பாதியில் நிறுத்தினால் மீதியைக் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து எழுத வேண்டும், ஏனென்றால் இதில் இருப்பது அதற்குப் புரியாது. ஒரே மனுஷி, ஒரே கை. அவருக்கு ஏன் இரண்டு உலகம்?

நீயும் அதைப் பட்டிருக்கிறாய். அண்ணி எழுதியதைப் பெரியவருக்கு மாற்ற வாரத்துக்கு ஒரு தடவை வயரைச் செருகிக்கொண்டு உட்காருவாயே, பெரியவர் சிலேட்டைத் தெரியாது என்று சாதிப்பாரே. “மாமியாரும் மருமகளும்” என்று அண்ணி எழுதிக் காட்டியது மறந்துவிட்டதா?

ஆபீசில் எதிர் மேஜைக்காரர் உன் கட்சி. கம்ப்யூட்டர் பக்கத்துச் சொற்களெல்லாம் அவர் வைத்தவை, டேப்லெட் பக்கத்துச் சொற்கள் நான் வைத்தவை. இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. அவர் ‘கோப்பு’ என்றால் நான் ‘ஃபைல்’ என்பேன். அவர் ‘அழி’ என்று வைத்த இடத்தில் நான் ‘அகற்று’ என்று வைத்திருப்பேன். “அழின்னு பார்த்தா கை ஒரு நிமிஷம் தயங்கணும்மா, அதுக்குத்தான் அந்தச் சொல்லு” என்கிறார். இயந்திரம் மனுஷனைப் பயமுறுத்தக் கூடாது என்று நான் சொன்னேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு பட்டியல் ஒன்றானால் இரண்டு ஆள் எதற்கு என்று மேலே யோசிக்கிறார்களாம். அதை அவரும் கேள்விப்பட்டிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சமைத்துத்தான் சாப்பிடுகிறாயா?

வாலு


மார்ச் 2

தங்கைக்கு,

சாப்பிடுகிறேன்.

எனக்கு வேலை தருகிற கட்டடக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு வரைகிற மென்பொருள் பழைய சிஸ்டத்தில் ஓடாது, எல்லாரும் புதியதற்கு மாறிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். நீ வாதாடி ஜெயித்தது என் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. சந்தோஷம்.

பெரியவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை சிலேட்டு. பெரியவருக்குப் புதியதைப் போட்டால் சிலேட்டுக்கும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று பார்க்காது என்று எழுதியிருக்கிறது.

சிலேட்டில் பதினோரு நோட்டு இருக்கிறது. அவளுக்கு ஆபரேஷன் ஆன ஒன்பதாம் நாள் முதல் நோட்டு ஆரம்பம். முதல் பக்கத்தில் ‘தண்ணி’ என்று ஒரே ஒரு சொல், கோணலாக. கடைசி நோட்டில் பாதிப் பக்கம் காலி. நடுவில் அவள் பேசியதெல்லாம் இருக்கிறது. சண்டை போட்டது இருக்கிறது. “டேப்லெட் எங்கே?” என்று நான் கேட்டு, “எந்த டேப்லெட்? முழுங்குறதா, எழுதுறதா?” என்று அவள் எழுதியது இருபது இடத்திலாவது இருக்கும். அலுக்காமல் எழுதுவாள். என் பேச்சு அதில் இல்லை, அவளுடையது மட்டும்தான். படித்தால், போனில் ஒருத்தி பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். நான் என்ன சொன்னேன் என்பதை நானே நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

அவள் குரல் எதிலும் பதிவாகி இருக்கவில்லை. கல்யாண வீடியோவில்கூடச் சிரிக்கத்தான் செய்கிறாள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

ஒரே ஒரு கேள்வி. புதியதைப் போட்டால் அந்தப் பதினோரு நோட்டும் இரண்டிலும் இருக்குமா? நர்ஸ் கதையெல்லாம் வேண்டாம். ஒரு சொல்லில் பதில் போடு.

அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

இருக்கும்.

ஒரு சொல் என்றாய், எழுதிவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நீ திண்டாடுவாய். புதிய சிஸ்டம் சிலேட்டில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘இடம் போதவில்லை’ என்று அது அழ ஆரம்பித்தால் பயப்படாதே. நோட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடி, ஒரு பட்டியல் வரும், அதில் கடைசியில் இருக்கும் ‘அகற்று’. அதைத் தொடு. நோட்டு சிலேட்டிலிருந்து மட்டும்தான் போகும், பெரியவரிடம் பத்திரமாக இருக்கும். வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். டேப்லெட் பக்கத்தில் இந்தச் சொல்லை வைத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

இந்தத் தாளைச் சிலேட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள். வரிசையாகப் பார்த்துச் செய்.

எதிர் மேஜைக்காரரை அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார்கள், நான்கு மணிக்கு மேஜை காலி. போகும்போது அவருடைய அகராதியை என் மேஜையில் வைத்துவிட்டு, “ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணும்மா” என்றார். என்னை ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி இரண்டு பட்டியலும் எனக்கே. ஒரு நாளைக்கு இருநூறு வரி முடிக்க வேண்டும்.

நோட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். என்னைப் பார்க்க வரச் சொல்ல மாட்டாயா?

வாலு


மே 28

தங்கைக்கு,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அழாமல் படி. எனக்கு வேண்டியது பதில்.

ஏப்ரல் 14 காலையில் இரண்டிலும் புதியதைப் போட்டேன். நீ சொன்னபடியே சிலேட்டு இடம் போதவில்லை என்றது. உன் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதல் நோட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். பட்டியல் வந்தது. ‘அகற்று’ இல்லை. அந்த இடத்தில் ‘நீக்கு’ என்று இருந்தது. சொல்லை நீங்கள் மாற்றியிருப்பீர்கள், அதே வேலைதான் என்று நினைத்தேன். பெரியவரில் முன்பெல்லாம் எதையாவது அழிக்கப் போனால் சிவப்பாக ஒரு பெட்டி வந்து நிற்கும், ‘நிரந்தரமாக அழிந்துவிடும், உறுதியா?’ என்று கேட்கும். இது அப்படிக் கேட்கவில்லை. நீலத்தில், மரியாதையாக, ‘நீக்கலாமா?’ என்றது. ஆம் என்றேன். பதினோரு தடவை கேட்டது. பதினோரு தடவையும் ஆம் என்றேன்.

பிறகு பெரியவரைத் திறந்து பார்க்கவில்லை. அங்கே இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது. திறந்தால் படிப்பேன், படித்தால் அன்றைக்கு வேலை ஓடாது.

போன திங்கட்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் என் சாம்பாரைப் பற்றி எழுதிய ஒரு கிண்டல் ஞாபகம் வந்தது. “இதுல குளிக்கலாம்” என்று ஆரம்பிக்கும். அதற்கு அடுத்த வரி எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பெரியவரைத் திறந்தேன். நோட்டு என்ற அலமாரியே காலி. ‘இங்கு இன்னும் எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்குங்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதுவும் நீ எழுதியதுதானே?

எங்கேயாவது இருக்கிறதா? உண்டு, இல்லை என்று மட்டும் எழுது.

அண்ணன்


ஜூன் 5

அண்ணா,

இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே சர்வர் பார்க்கிற பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று நாள் அங்கேயே இருந்தேன். நீக்கியதெல்லாம் முப்பது நாள் ஒரு ஓரத்தில் இருக்குமாம். பிறகு அதுவாகவே போய்விடுமாம். உனக்கு முப்பதாம் நாள் மே 14. நீ திறந்து பார்த்தது மே 25. அங்கே இருந்த பெண் எனக்காக எல்லா இடத்திலும் தேடினாள். “சாரி மேடம், சுத்தமா போயிடுச்சு” என்றாள்.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீயாகக் கண்டுபிடிக்கவே மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்ச் 19, மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற நேரம். பட்டியலில் ஒரு வரி வந்தது. இந்தப் பக்கம் என் ‘அகற்று’, அந்தப் பக்கம் எதிர் மேஜைக்காரரின் ‘அழி’. நடுவில் பொறியாளர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: இவற்றுக்குள் பொருள் வேறுபாடு உண்டா? அன்றைக்கு அது நூற்றி எழுபதாவது வரியோ என்னவோ. ‘அழி’ முரட்டுத்தனமாக இருக்கிறது, ‘அகற்று’ வழவழவென்று இருக்கிறது, இரண்டுக்கும் பொதுவாக ‘நீக்கு’ போடலாம் என்று முடிவு செய்தேன். குறிப்புக் கட்டத்தில், “வேறுபாடு இல்லை. இரண்டும் ஒன்றுதான்” என்று எழுதினேன். அதோடு நிற்கவில்லை, சிவப்புப் பெட்டி வேண்டாம், நீலமே போதும் என்றும் எழுதினேன். பிறகு சாப்பிடப் போனேன்.

நான் சொல்லுக்குத்தான் பதில் சொன்னதாக நினைத்தேன். அந்தப் பொத்தான் செய்கிற வேலைக்கும் அதுதான் பதில் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கருவியிலிருந்து மட்டும் எடுப்பது, அடியோடு அழிப்பது என்ற இரண்டு வேலைகள் இருந்தன. சொற்பிரிவே ஒன்றுதான் என்று சொல்லிவிட்டதே என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தக் குறிப்பில் என் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. உனக்கு ‘அகற்று’ என்று எழுதி அனுப்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. உனக்கு எழுதியது ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை, அண்ணா.

எதிர் மேஜைக்காரருக்குப் போன் செய்தேன். “அது ரெண்டும் ஒண்ணு இல்லையேம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் தெரியவில்லை.

தங்கை


ஜூன் 19

உன் கடிதம் கிடைத்தது.

ஆபரேஷன் ஆனபோது அவள் குரல் போயிற்று. போன ஆகஸ்டில் அவள் போனாள். இப்போது பேசியதும் போயிற்று. முதல் இரண்டுக்கும் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இதற்கு ஆள் இருக்கிறது. அது நீயாக இருக்க வேண்டாம் என்று நினைத்துப் பார்த்தேன். வேறு ஆள் என்றால் பொத்தானை அழுத்திய நான்தான்.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று நீ ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றாய் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உன் வேலை சொல். கருவி ஒன்றாக இருந்தால் உனக்கென்ன, இரண்டாக இருந்தால் உனக்கென்ன?

ஒன்று கேட்கிறேன். அவள் உனக்கு எப்போதாவது எதையாவது எழுதி அனுப்பியிருக்கிறாளா? சிலேட்டிலிருந்து அனுப்பத் தெரியும் அவளுக்கு. பிறந்தநாள் வாழ்த்து, சமையல் குறிப்பு, எதுவானாலும் சரி. ஒரு வரி இருந்தாலும் அனுப்பு. இல்லையென்றால் பதில் எழுத வேண்டாம்.


ஜூலை 1

அண்ணா,

ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு பக்கம்.

இதை இத்தனை நாள் உனக்குக் காட்டாததற்குக் காரணம், சொல்லாதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இப்போதும் அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். மிஞ்சி இருப்பது ஒரே பக்கம், அது இந்தப் பக்கமாகவா இருக்க வேண்டும் என்று நேற்று முழுக்க அழுதேன். இல்லை என்று எழுதிவிட்டால் உனக்கு நல்லது. ஆனால் உனக்கு நல்லது எது என்று நான் தீர்மானித்ததெல்லாம் போதும்.

போன வருஷம் மே மாசம் நான் வந்துவிட்டுத் திரும்பியபோது, ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே என் போனுக்கு வந்தது. தாளில் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துச் சரியாகத் தெரியாது, அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்:

“ஏய் வாலு, ரயில் ஏறிட்டியா? உனக்கு ஒரு வேலை. உங்க அண்ணன்கிட்ட அந்த மேஜையை இந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லு. நான் கேட்டா வயர் எட்டாதுங்கிறார். தட்டினா திரும்புறார், இல்லேன்னு சொல்லலை. ஆனா தட்டணுமே. ஒவ்வொண்ணுக்கும் யோசிக்கிறேன், இதுக்குப் போய் தட்டணுமான்னு. பாதி பேச்சு அப்படியே போயிடுது. முதுகு நல்ல முதுகுதான், குறை ஒண்ணும் இல்லை. எத்தனை நாள்தான் அதையே பார்க்கிறது? நான் சொன்னேன்னு சொல்லாதே. பாவம், வருத்தப்படுவார்.”

சொல்கிறேன் அண்ணி என்று பதில் போட்டேன். சொல்லவில்லை. என் பெயரில் சொன்னால் நீ வயர் எட்டாது என்பாய், அண்ணி பெயரைச் சொல்லக் கூடாது. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஆபீசில் இரண்டையும் ஒன்றாக்கும் பேச்சு ஆரம்பித்தது. இதோ வழி என்று பிடித்துக்கொண்டேன். கருவியே ஒன்றாகிவிட்டால் மேஜை எதற்கு, சுவர் எதற்கு, தட்டுவது எதற்கு? மீட்டிங் மீட்டிங்காக வாதாடினேன். அண்ணி போன பிறகும் நிறுத்தவில்லை. யாருக்காக ஆரம்பித்தேனோ அவரே இல்லை, ஆனாலும் ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தது.

அண்ணி கேட்டது ஒரு மேஜையைத் திருப்பிப் போடச் சொல்லி. நான் அதை உன்னிடம் சொல்லாமல் பாதி உலகத்துக் கம்ப்யூட்டரைத் திருப்பிப் போடப் போனேன். கடைசியில் அண்ணியையே அழித்துவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன். தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. ‘நீக்கு’ என்று திரையில் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன், அங்கே எப்படி உட்காருவது?

என்மேல் இருக்கிற கோபம் என்றைக்காவது போகுமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டுவிட்டேன்.

தங்கை


ஜூலை 15

வாலு,

தபால் வந்து ஆறு நாள் ஆகிறது. கவரைப் பிரிக்க இரண்டு நாள், தாளைப் படிக்க ஒரு நாள் ஆயிற்று. ‘முதுகு நல்ல முதுகுதான்’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே கேட்டது.

அவள் தட்டி நான் திரும்பாத நேரம் ஒன்றுகூடக் கிடையாது என்று உனக்கு எழுதினேன். அது உண்மை. அவள் தட்டாத நேரத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. பதினோரு நோட்டில் அவள் பேசியதெல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் இருந்திருக்கிறது. மீதியை நீ அழிக்கவில்லை. அது எழுதப்படவே இல்லை.

கோபம் போகவில்லை. உன்மேல் எவ்வளவு, என்மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த மாசம் வருஷம் திரும்புகிறது. நீ வரலாம். பேச்சு வருமா என்று தெரியாது.

சாம்பார் வரி இன்னும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பெரியவரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு மேஜையைத் திருப்பிப் போட்டேன். பின்னால் ஒரே தூசி. எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். இப்போது தலையை நிமிர்த்தினால் கட்டில் தெரிகிறது. அதில் ஒன்றும் இல்லை, மெத்தையைக்கூட எடுத்தாயிற்று. வேலை செய்யும்போது அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறேன்.

வயர் எட்டுகிறது. ஒரு சாண் மிச்சம்கூட இருக்கிறது.

அண்ணன்